கணக்குக்கு முன் கருத்து: எல்லாருக்குமான பௌதிகவியல் பாடம் உருவான வரலாறு

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. ஒரு லொறியும் ஒரு ஓட்டோவும் நேருக்கு நேர் மோதுகின்றன. மோதும் அந்தக் கணத்தில் லொறி ஓட்டோ மீது கொடுக்கும் விசை பெரியதா? ஓட்டோ லொறி மீது கொடுக்கும் விசை பெரியதா? அல்லது இரண்டும் சமனா? உங்கள் விடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு ஒன்றும் போடத் தேவையில்லை. சரியான விடையைக் கீழே சொல்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் ஓ.எல். பெறுபேறு வந்ததும் பெற்றோர் சிலர் என்னிடம் சொல்லும் வசனம் ஒன்று இருக்கிறது. "ஸேர், மகளுக்குக் கணக்கு ஓடாது. ஆர்ட்ஸ் போட்டாச்சு. இனி அவளுக்கு சயன்ஸ் எதுக்கு?" பெரும்பாலானவர்கள் இதைக் கவலையோடு சொல்வதில்லை. ஒரு பாரம் இறங்கிய நிம்மதியோடுதான் சொல்கிறார்கள். பதினாறு வயதில் ஒரு பிள்ளைக்கும் பௌதிகவியலுக்கும் இடையிலான உறவு அந்த வசனத்தோடு முடிந்துவிடுகிறது.

இதே வசனத்தை அமெரிக்காவிலும் சொல்லியிருக்கிறார்கள். அதை ஏற்றுக்கொள்ளாத சில ஆசிரியர்கள், விஞ்ஞானியாகவோ பொறியியலாளராகவோ வரப்போகாத மாணவருக்கென்றே கல்லூரியில் ஒரு அறிமுகப் பௌதிகவியல் பாடத்தை உருவாக்கினார்கள். ஆங்கிலத்தில் அதற்கு "கன்செப்சுவல் பிசிக்ஸ்" என்று பெயர். நாம் "கருத்துவழிப் பௌதிகவியல்" என்று சொல்லலாம். அந்தப் பாடம் எப்படி வந்தது, அதிலிருந்து நமக்கு என்ன என்பதைத்தான் இன்று எழுதுகிறேன்.

*

1. வாசலில் நின்ற பாடம்

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கப் பாடசாலைகளில் பௌதிகவியலை "இயற்கைத் தத்துவம்" என்ற பெயரில் படிப்பித்தார்கள். புத்தகத்தை வாசிப்பது, கேட்டால் ஒப்புவிப்பது. அவ்வளவுதான். 1880களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் இதை மாற்ற நினைத்தது. தன்னிடம் சேர வரும் மாணவர் பரிசோதனைகளைக் கையால் செய்து பழகியிருக்க வேண்டும் என்றது. அதற்காகச் சுமார் 40 பரிசோதனைகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தவர் எட்வின் ஹோல். 1879இல் "ஹோல் விளைவு" என்பதைக் கண்டுபிடித்த அதே விஞ்ஞானிதான். 1892இல் ஹார்வர்டின் தலைவர் சார்ல்ஸ் எலியட் தலைமையில் "பத்துப் பேர் குழு" என்ற ஒரு குழு கூடி, உயர்நிலைப் பாடசாலைகளில் என்னென்ன பாடம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய்ந்தது. ஆய்வுகூடத்தோடு கூடிய பௌதிகவியல் அப்படித்தான் அங்கே வேரூன்றியது.

நோக்கம் நல்லது. புத்தகத்தைப் பாடமாக்குவதைவிட கையால் அளந்து பார்ப்பது எவ்வளவோ மேல். ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. பௌதிகவியல் பல்கலைக்கழக வாசலில் நிற்கும் பாடமாக ஆகிவிட்டது. உள்ளே போகிறவருக்கு அது அனுமதிச் சீட்டு. போகாதவருக்கு அதில் ஒன்றும் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் எல்லா வகைப் பிள்ளைகளும் உயர்நிலைப் பாடசாலைக்கு வரத் தொடங்கினார்கள். மாணவர் தொகை பெருகியது. அவர்களில் பௌதிகவியல் படிப்போரின் பங்கோ குறைந்துகொண்டே போனது. வாசலுக்காகச் செய்த பாடம் முற்றத்தில் நின்றவர்களுக்குப் பொருந்தவில்லை.

*

2. ஸ்புட்னிக் கொடுத்த அதிர்ச்சி

1956இல் எம்.ஐ.டி.யின் பேராசிரியர் ஜெரால்ட் ஸக்கரியாஸ், பழைய பாடத்திட்டத்தைத் திருத்துவதற்காக விஞ்ஞானிகளையும் ஆசிரியர்களையும் ஒன்று சேர்த்துக் குழு ஒன்றை அமைத்தார். அடுத்த வருடம், 1957 ஒக்டோபர் 4ஆம் திகதி, சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை வானத்துக்கு அனுப்பியது. அமெரிக்கா திடுக்கிட்டது. 1958இல் விஞ்ஞானக் கல்விக்குப் பணம் ஒதுக்கும் சட்டம் வந்தது. ஸக்கரியாஸின் குழுவுக்கும் கை நிறைய உதவி கிடைத்தது. 1960இல் அவர்களுடைய பாடப்புத்தகம் வெளிவந்தது. படங்களும் மலிவான பரிசோதனைக் கருவிகளும் கூடவே வந்தன.

அதற்கு அடுத்து, 1961 முதல் 1963 வரை, கல்டெக் நிறுவனத்தில் ரிச்சர்ட் ஃபெயின்மன் முதலாம், இரண்டாம் வருட மாணவருக்கு நடத்திய விரிவுரைகள் உலகப் புகழ் பெற்றன. ஆனால் அந்த விரிவுரைகளின் முன்னுரையில் ஃபெயின்மனே, பெரும்பாலான மாணவர்களைப் பொறுத்தவரை தான் வெற்றி பெற்றதாக நினைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்.

இந்த இரண்டு முயற்சிகளும் பெரியவை. ஆனால் இரண்டும் பார்த்தது ஒரே பிள்ளையைத்தான்: நாளைக்கு விஞ்ஞானியாக வரப்போகும் பிள்ளையை. மற்றப் பிள்ளைகள்? நாளைய கடைக்காரர், வழக்கறிஞர், மௌலவி, தையல்காரி, சாரதி, அரசியல்வாதி?

*

3. மற்றப் பிள்ளைகளை நினைத்தவர்கள்

அவர்களை நினைத்தவர்களும் இருந்தார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் எரிக் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேயர், விஞ்ஞானத்தைத் தொழிலாகக் கொள்ளாத மாணவருக்கெனப் பல வருடங்கள் படிப்பித்து, அந்த அனுபவத்தை 1960இல் ஒரு தடித்த புத்தகமாக வெளியிட்டார். தலைப்பே "விசாரிக்கும் மனதுக்கான பௌதிகவியல்" என்ற பொருளில் அமைந்தது. நிறையத் தலைப்புகளை ஓட்டமாக முடிப்பதைவிட, சிலவற்றை எடுத்து, ஒரு விஞ்ஞானி எப்படி யோசிக்கிறார் என்பதை மாணவரை உணரவைப்பதே அவருடைய வழி.

1960களில் ஹார்வர்டில் ஜெரால்ட் ஹோல்டன், ஜேம்ஸ் ரதர்ஃபோர்ட், ஃபிளெட்சர் வொட்சன் மூவரும் சேர்ந்து இன்னொரு பாடத்திட்டம் செய்தார்கள். கலிலியோவும் நியூட்டனும் எந்தக் காலத்தில், எந்தக் கேள்வியோடு போராடினார்கள் என்ற வரலாற்றோடு சேர்த்துப் பௌதிகவியலைச் சொன்னார்கள். அந்தப் பாடத்தை விட்டு விலகி நின்ற மாணவரை, மாணவிகள் உட்பட, உள்ளே இழுப்பது அவர்களின் நோக்கம்.

ஸான் பிரான்சிஸ்கோ நகரில் 1969இல் "எக்ஸ்ப்ளோரட்டோரியம்" என்ற அருங்காட்சியகம் திறந்தது. தொடாதே என்று எழுதிய பலகைகளுக்கு அங்கே இடமில்லை. எல்லாவற்றையும் தொட்டு, சுழற்றி, அசைத்துப் பார்க்கலாம். அதைத் தொடங்கியவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டுத் திட்டத்தின் ஆய்வுகூடத்தை நடத்திய ரொபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. 1949இல் அரசியல் காரணத்தால் பல்கலைக்கழகத் தொழிலை இழந்து, கொலராடோவில் மாட்டுப் பண்ணை நடத்தி, பிறகு அங்கேயே ஒரு சின்ன ஊரின் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவர். பெரிய விஞ்ஞானி ஒருவர் ஊர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிப்பித்த அந்த அனுபவமும் அந்த அருங்காட்சியகத்துக்குப் பின்னால் இருக்கிறது.

இத்தகைய பாடங்களுக்குச் சக விஞ்ஞானிகள் சிலர் ஒரு கேலிப் பெயர் வைத்திருந்தார்கள்: "கவிஞர்களுக்கான பௌதிகவியல்". தண்ணி கலந்த பால் என்ற மாதிரி ஒரு பார்வை. இந்தக் கேலியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்ன நடந்தது என்று பார்க்கும்போது தேவைப்படும்.

*

4. சாரத்தில் நின்ற பெயிண்டர்

இப்போது கதையின் முக்கியமான ஆளுக்கு வருவோம். பெயர் போல் ஹெவிட். 1931இல் பிறந்தவர். பாடசாலைக் காலத்தில் அவருக்கு நன்றாகப் படம் வரையும் கை இருந்தது. வழிகாட்டல் ஆசிரியர், உனக்குக் கணக்கும் விஞ்ஞானமும் வேண்டாம், ஓவியத்தைப் பார் என்று ஆலோசனை சொன்னார். பிள்ளையும் கேட்டது. குத்துச்சண்டை, கேலிச்சித்திரம், பிறகு இராணுவம் என்று இளமை போனது. 26 வயதில் ஃபுளோரிடாவின் மயாமியில் பெரிய விளம்பரப் பலகைகளுக்கு வர்ணம் பூசும் வேலையில் இருந்தார்.

அங்கே அவரோடு வேலை செய்தவர் பேர்ல் கிரே. அவரும் பௌதிகவியல் படித்தவரல்ல. ஆனால் கேள்வி கேட்காமல் இருக்க முடியாத மனிதர். இருவரும் ஒரு பலகையின் மேல் நின்றபடி வேலை செய்வார்கள். பலகையின் இரண்டு முனைகளும் இரண்டு கயிறுகளில் தொங்கும். நம் ஊரில் மாடி வீட்டுக்கு வெளிப்பூச்சு அடிக்கும்போது பார்த்திருப்பீர்கள்.

ஒரு நாள் பேர்ல் தன் பக்கக் கயிற்றை கிற்றார் கம்பி மாதிரிச் சுண்டிப் பார்த்தார். ஹெவிட்டும் தன் பக்கத்தைச் சுண்டினார். பேர்லின் கயிறு கூர்மையான ஒலி கொடுத்தது. அவர் கனமானவர். அவர் பக்கத்துக் கயிற்றில் இழுவை கூட. சரி. இப்போது ஹெவிட் ஒரு தூரிகை வாங்கப் பேர்லின் பக்கம் நடந்து போனால்? பேர்லின் கயிற்றில் இழுவை கூடும், ஹெவிட்டின் கயிற்றில் குறையும். அதுவும் சரி. ஆனால் ஒரு பக்கம் கூடிய அளவும் மற்றப் பக்கம் குறைந்த அளவும் சரியாகச் சமனா? சமன் என்றால், அது எப்படி? ஒரு கயிற்றுக்கு மற்றக் கயிற்றில் நடப்பது எப்படித் தெரியும்?

விடை தெரியாமல் அவர்கள் அதைப் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். பின்னர் பௌதிகவியல் படித்தபோதுதான் ஹெவிட்டுக்கு விடை கிடைத்தது. அசையாமல் இருக்கும் ஒரு பொருளில் மேல்நோக்கிய விசைகளின் கூட்டுத்தொகையும் கீழ்நோக்கிய விசைகளின் கூட்டுத்தொகையும் சமன். உதாரணமாக, ஒருவரின் நிறை 800 நியூட்டன், மற்றவரின் நிறை 600, பலகை 400 என்று வைப்போம். மொத்தம் 1800. இரண்டு கயிறுகளும் சேர்ந்து எப்போதும் 1800 நியூட்டனைத்தான் தாங்க வேண்டும். ஒன்றில் 1000 என்றால் மற்றதில் 800. ஒன்றில் 1100 ஆனால் மற்றதில் 700. கயிறுகள் ஒன்றோடொன்று பேசத் தேவையில்லை. மொத்தம் மாறாததால் ஒன்று கூடினால் மற்றது அதே அளவு குறைந்தே ஆக வேண்டும்.

சாரத்தில் கேட்ட அந்தக் கேள்விகள் அந்த மனிதரை மீண்டும் படிக்க அனுப்பின. இருபதுகளின் கடைசியில் கல்லூரிக்குள் நுழைந்து, பௌதிகவியலில் முதுமாணிப் பட்டம் வரை போனார். 1964இல் ஸான் பிரான்சிஸ்கோ சிட்டிக் கல்லூரியில் விரிவுரையாளரானார். அது பெரிய பெயர் பெற்ற பல்கலைக்கழகமல்ல. பகலில் வேலை செய்பவர், குடியேறி வந்தவர், இடையில் படிப்பை விட்டவர் என்று எல்லாரும் வந்து சேரும் சமூகக் கல்லூரி. விஞ்ஞானம் படிக்க வராத மாணவருக்கு அவர் எழுதிய குறிப்புகள் 1971இல் "கன்செப்சுவல் பிசிக்ஸ்" என்ற புத்தகமாகின. படங்களையும் கேலிச்சித்திரங்களையும் அவரே வரைந்தார். பிள்ளை ஓவியத்துக்குத்தான் பொருத்தம் என்று ஒதுக்கிய அந்தக் கை, கடைசியில் பௌதிகவியலுக்கே உதவியது. புத்தகம் பத்துக்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது. 1987இல் பாடசாலை மாணவருக்கான பதிப்பும் வந்தது. ஓப்பன்ஹைமரின் எக்ஸ்ப்ளோரட்டோரியத்திலும் அவர் படிப்பித்தார். அமெரிக்கப் பௌதிகவியல் ஆசிரியர் சங்கம் 1982இல் அவருக்கு மில்லிகன் விருது வழங்கியது.

*

5. சமன்பாட்டை வாசிப்பது எப்படி?

கருத்துவழிப் பாடத்தில் சமன்பாடே கிடையாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது பிழை. சமன்பாடு இருக்கிறது. ஆனால் எண்ணைப் போட்டு விடை எடுக்கும் இயந்திரமாக அல்ல, யோசிப்பதற்கு வழிகாட்டும் ஒரு வசனமாக இருக்கிறது.

விசை = திணிவு × ஆர்முடுகல். நம் பிள்ளைகள் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் இதை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரே விசையால் வெறும் வண்டியையும் மூட்டை ஏற்றிய வண்டியையும் தள்ளினால் எதில் வேகம் சீக்கிரம் கூடும்? திணிவு இரண்டு மடங்கானால் ஆர்முடுகல் என்னவாகும்? இதுதான் வாசிப்பு.

இன்னொரு உதாரணம், நம் இளைஞர்களுக்காக. ஓடும் வண்டியின் இயக்கச் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. பிரேக் பிடித்தால் அந்தச் சக்தி முழுவதையும் உராய்வுதான் தின்று தீர்க்க வேண்டும். உராய்வு விசை கிட்டத்தட்ட அதேதான். ஆகவே தூரம்தான் கூட வேண்டும். மணிக்கு 30 கிலோமீற்றரில் பிரேக் பிடித்தால் வண்டி எவ்வளவு தூரம் வழுக்கி நிற்குமோ, 60இல் பிடித்தால் அதைவிட நான்கு மடங்கு தூரம் போகும். 90இல் ஒன்பது மடங்கு.

மோட்டார் சைக்கிள் ஓடும் பிள்ளைகளில் பலர் "இரண்டு மடங்கு வேகம், இரண்டு மடங்கு கவனம், சரிதானே" என்று நினைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த நான்கு மடங்கைத் தெரிந்துகொள்ள உயர்தரப் பௌதிகவியல் தேவையில்லை. ஒரு சமன்பாட்டை வசனமாக வாசிக்கத் தெரிந்தால் போதும்.

*

6. கெட்டிக்காரருக்கும் விளங்கவில்லை

இப்போது அந்தக் கேலிப் பெயருக்கு வருவோம். கணக்கு முடியாதவருக்குத்தான் கருத்து, கெட்டிக்காரருக்குக் கணக்கு என்ற நினைப்பு பல காலம் இருந்தது. கணக்குப் போட்டால் கருத்து தானாக விளங்கியிருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள்.

1985இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்ராஹிம் ஹல்லூன், டேவிட் ஹெஸ்டினஸ் இருவரும் இந்த நம்பிக்கையைச் சோதித்து எழுதினார்கள். 1992இல் ஹெஸ்டினஸும் இன்னும் இருவரும் சேர்ந்து, விசை பற்றிச் சுமார் 30 கேள்விகள் கொண்ட ஒரு பரீட்சையை வெளியிட்டார்கள். அதில் கணிப்பு எதுவும் இல்லை. சாதாரண மொழியில் கேள்வி, ஐந்து விடைகள், ஒன்றைத் தெரிவு செய்தால் சரி. மேலே நான் கேட்ட லொறிக் கேள்வியைப் போன்ற ஒன்றும் அதில் உண்டு.

விடை: இரண்டு விசைகளும் சமன். நியூட்டனின் மூன்றாம் விதி அதைத்தான் சொல்கிறது. ஓட்டோ நொறுங்குவதும் லொறி தப்புவதும் விசையில் உள்ள வித்தியாசத்தால் அல்ல. அதே விசை சிறிய திணிவில் பெரிய ஆர்முடுகலைக் கொடுக்கிறது. ஓட்டோவின் உடலும் அவ்வளவு உறுதியானதல்ல. அதனால்தான் சேதம் கூட. "லொறி" என்று விடை வைத்திருந்தவர்கள் கவலைப்பட வேண்டாம். ஹார்வர்ட் மாணவர்கள் பலரும் உங்களோடுதான்.

அது எப்படித் தெரியவந்தது? ஹார்வர்டில் 1984 முதல் அறிமுகப் பௌதிகவியல் நடத்தியவர் எரிக் மஸூர். மாணவர்கள் அவருக்கு நல்ல புள்ளி கொடுத்தார்கள். பரீட்சையிலும் நன்றாகச் செய்தார்கள். 1990 அளவில் அரிசோனா ஆய்வை வாசித்து, என் மாணவருக்கு இது பொருந்தாது என்ற நினைப்போடு அந்தக் கேள்விகளை வகுப்பில் கொடுத்தார். ஒரு மாணவி எழுந்து கேட்டார்: இதற்கு நீங்கள் படிப்பித்தபடி விடை எழுதவா, நான் உண்மையில் நினைக்கிறபடி எழுதவா? ஆசிரியராக இருக்கும் யாருக்கும் அந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுக்கும். பெறுபேறும் அதையே காட்டியது. பிறகு அவர் ஒரே பரீட்சையில் இரண்டு கேள்விகள் வைத்தார். ஒன்று, எண்களோடு கூடிய கடினமான மின்சுற்றுக் கணக்கு. மற்றது, ஆளியை மூடினால் எந்த மின்குமிழின் பிரகாசம் கூடும், எது குறையும் என்ற சாதாரணக் கேள்வி. கடினமான கணக்கில் எடுத்த புள்ளியைவிடச் சாதாரணக் கேள்வியில் எடுத்த புள்ளி குறைவு.

அதன் பிறகு மஸூர் தன் விரிவுரையை மாற்றினார். ஒரு கருத்துக் கேள்வி கொடுப்பார். ஒவ்வொருவரும் தனியாக விடை தெரிவு செய்வார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடி, மீண்டும் விடை சொல்வார்கள். 1997இல் இந்த முறையைப் புத்தகமாக எழுதினார். 1998இல் ரிச்சர்ட் ஹேக் என்பவர் 62 அறிமுகப் பாடங்களில் படித்த 6,542 மாணவரின் பெறுபேறுகளைத் தொகுத்து வெளியிட்டார். பாடத் தொடக்கத்தில் தெரியாமல் இருந்தவற்றில், வழமையான விரிவுரை வகுப்புகளில் மாணவர் சராசரியாக 23 வீதத்தைத்தான் கற்றிருந்தார்கள். பேசி, வாதாடி, செய்து பார்க்கும் வகுப்புகளில் அது 48 வீதம்.

அதாவது, கவிஞர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய வைத்தியம் பொறியியலாளருக்கும் மருத்துவ மாணவருக்கும் தேவைப்பட்டது.

இங்கே ஒரு விடயம். வகுப்பில் ஒரு பந்தை மேலே எறிந்து, கையை விட்ட பிறகு அதில் என்ன விசை இருக்கிறது என்று கேட்டால், அநேகமான பிள்ளைகள் "ஸேர், கை கொடுத்த விசை உள்ளே இருக்கு, மெதுமெதுவா முடியுது" என்பார்கள். இது முட்டாள்தனமான விடையல்ல. 6ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவின் ஃபிலோபோனஸ் கிட்டத்தட்ட இப்படித்தான் நினைத்தார். இப்னு ஸீனா (980–1037) அதை வளர்த்து, எறிபவர் பொருளுக்கு "மைல்" ஒன்றைக் கொடுக்கிறார் என்றார். அரபியில் அதற்குச் சாய்வு, நாட்டம் என்று பொருள். எதிர்ப்பு எதுவும் இல்லாவிட்டால் அது குறையாது என்று அவர் ஒரு படி மேலே போனார். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பூரிடான் இதைப் போன்ற கருத்தைத் தொடர்ந்தார். கையை விட்ட பிறகு பந்தில் புவியீர்ப்பு மட்டுமே செயற்படுகிறது (வளித்தடையை விட்டுவிட்டால்), இயக்கம் தொடர விசை தேவையில்லை என்பது 1687இல் நியூட்டனின் புத்தகத்தோடுதான் நிலைபெற்றது. பெரும் மேதைகளுக்கு ஆயிரம் வருடம் எடுத்த படியை நம் பிள்ளை ஒரு நாற்பது நிமிடப் பாடவேளையில் தாண்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். தாண்டாவிட்டால் "இவனுக்கு மண்டையில ஏறாது" என்கிறோம். பேச விடுவதுமில்லை, வாதாட விடுவதுமில்லை.

*

7. நமக்கு என்ன?

நம் நாட்டில் சாதாரண தரம் வரை எல்லாப் பிள்ளைகளும் விஞ்ஞானம் படிக்கிறார்கள். இது பெரிய விடயம். ஆனால் உயர்தரத்தில் கலை, வர்த்தகம் போன பிள்ளைக்குப் பௌதிகவியல் அங்கேயே நின்றுவிடுகிறது. விஞ்ஞானப் பிரிவுக்குப் போன பிள்ளையோ பழைய வினாத்தாள்களோடும் டியூசனோடும் மல்லுக்கட்டுகிறது. ஒரு பிள்ளைக்குக் கருத்தும் இல்லை, கணக்கும் இல்லை. மற்றப் பிள்ளைக்குக் கணக்கு இருக்கிறது. கருத்து இருக்கிறதா என்று யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை.

இது வெறும் பரீட்சைப் பிரச்சினையல்ல. 2004 டிசம்பர் 26ஐ மறந்தவர் நம்மில் யாருமில்லை. அன்று தாய்லாந்தின் ஃபூகெட் தீவில் ஒரு கரையில், பத்து வயது ஆங்கிலச் சிறுமி டில்லி ஸ்மித், கடல் வழக்கத்துக்கு மாறாக நடப்பதைக் கண்டாள். சில வாரங்களுக்கு முன் பாடசாலையில் புவியியல் பாடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. பெற்றோரிடம் அழுது சொன்னாள். அந்தக் கரையிலிருந்து ஆட்களை வெளியேற்றினார்கள். பலர் உயிர் தப்பினார்கள். அவள் ஒரு கணக்கும் போடவில்லை.

அதே நாள் நம் தென்பகுதியில் பெரலியவில் முதல் அலை வந்து ரயில் நின்றது. ரயில்தான் பாதுகாப்பு என்று அயலில் இருந்தவர்களும் ஏறினார்கள். பிறகு அதைவிடப் பெரிய அலை வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே போய்விட்டார்கள். அல்லாஹ் போதுமானவன். அவர்கள் மேல் ஒரு குறையுமில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அலை என்றால் முகடும் தாழியும் மாறி மாறி வருவது. சுனாமி ஒரு அலையல்ல, அலைகளின் தொடர். கடல் உள்வாங்குவது என்றால் தாழி வந்திருக்கிறது, அடுத்தது முகடு. முதலாவது போய்விட்டது என்பதால் ஆபத்து போய்விடவில்லை. சாதாரண தரத்துப் பிள்ளைக்கு அலைப் பாடத்தில் முகடு, தாழி, அலைநீளம் எல்லாம் வருகிறது. படம் கீறிப் பெயர் குறித்துப் புள்ளி எடுக்கிறது. அந்தப் படம்தான் நம் கடற்கரை என்று எத்தனை பேருக்கு விளங்கியிருக்கும்?

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கணக்கு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு எந்தத் தடிப்பில் வயர் போட வேண்டும், பாலத்துக்கு எவ்வளவு இரும்பு வேண்டும் என்பதெல்லாம் கணக்குத்தான். உயர்தரப் பிள்ளை கணக்குப் பழகியே ஆக வேண்டும். கருத்து என்ற பெயரில் கதை மட்டும் சொல்லிவிட்டுப் போகும் ஆபத்தும் இருக்கிறது. ஹெவிட்டின் பாடம் தப்பியது, அது ஒவ்வொரு கதையின் பின்னும் "அப்படியென்றால் இப்போது என்ன நடக்கும்?" என்று கேட்டு, மாணவரை விடை சொல்ல வைத்ததால்தான். வரிசை முக்கியம். முதலில் விளங்கட்டும், பிறகு கணிக்கட்டும். விளங்கிய பிள்ளை கணக்கையும் பயமில்லாமல் தொடும்.

இதற்குப் பெரிய நிதியோ கட்டடமோ தேவையில்லை. ஆசிரிய நண்பர்களே, வாரத்தில் ஒரு பாடவேளையில் எண் இல்லாத ஒரு கேள்வியைக் கொடுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விடுங்கள். வகுப்பு சத்தமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. பெற்றோர்களே, ஆர்ட்ஸ் படிக்கும் மகளுக்கு சயன்ஸ் எதுக்கு என்று கேட்காதீர்கள். நாளைக்கு ஒரு வீட்டில் அடுப்பையும் மின்சாரத்தையும் சுகமில்லாத பிள்ளையையும் பார்த்துக்கொள்ளப் போகிறவள் அவள். அவளுக்கு ஏன் என்று கேட்கும் உரிமை இருக்கிறது. கொத்து வேலையும் வயரிங் வேலையும் செய்யும் சகோதரர்களே, நீங்கள் தினமும் கையால் தொடும் கயிறும் கப்பியும் ஏணியும்தான் பௌதிகவியல். அதைப் பற்றி உங்கள் பிள்ளைகளோடு பேசுங்கள். உங்களுக்குத் தெரிந்தது புத்தகத்திலும் இருக்கிறது என்று அவர்கள் அறியட்டும்.

கடைசியாக, வீட்டில் எல்லாரும் கூடியிருக்கும்போது கேட்டுப்பார்க்க ஒரு கேள்வி. ஓடும் பஸ்ஸுக்குள் நின்று ஒரு ரூபாய்க் குற்றியை நேரே மேலே எறிகிறீர்கள். பஸ் ஒரே சீரான வேகத்தில் நேராகப் போகிறது. குற்றி உங்கள் கையிலேயே விழுமா, பின்னால் விழுமா, முன்னால் விழுமா? ஏன்?

விடையை மட்டும் எழுதாமல் காரணத்தையும் கமெண்டில் எழுதுங்கள். பிள்ளைகள் சொன்ன காரணத்தை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். பிழையான விடைகளும் வரட்டும், அவற்றிலிருந்துதான் பேச்சைத் தொடங்கலாம். இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் வாசித்து விளக்கம் எழுதுகிறேன்.

வஸ்ஸலாம்.